மழையளவோடு நாட்குறிப்பு எழுதுவது எப்படி?

நாட்குறிப்பு எழுதத் தொடங்கிய பலர் பொங்கல் முடிவதற்குள் அதை நிறுத்திவிடுவதற்குச் சோம்பலைக் காரணமாகச் சொல்வார்கள். உண்மையில் அவர்களைத் தடுப்பது "இன்று எழுத என்ன இருக்கிறது?" என்ற கேள்விதான். எனக்கு அந்தக் கேள்வி எழாமல் போனது, சென்னையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் மழையை அளக்கத் தொடங்கிய பிறகு. காலையில் ஓர் எண்ணைக் குறித்துவிட்டால் அதைத் தொட்டுக்கொண்டு காற்று, மேகம், தெருவில் கண்டது, அந்தத் தேதியில் முன்பு நடந்தது என நான்கைந்து வரிகள் தாமாக வந்து சேர்கின்றன. அந்த எண்ணைச் சரியாகப் பெறுவது எப்படி, அதைச் சுற்றி எதை எழுதுவது என்பதை என் அனுபவத்திலிருந்து இங்கே சொல்கிறேன்.

மழைமானியைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. உடல் பகுதி நேராக உள்ள இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றை எடுத்து, கழுத்தை நோக்கிச் சரியத் தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே கத்தரித்து, வெட்டிய மேல்பகுதியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் புனல்போல உள்ளே பொருத்திவிடுங்கள். விழுந்த நீர் வெயிலில் ஆவியாகிப் போவதை அந்தப் புனல் பெருமளவு தடுக்கும். பாட்டிலின் அடிப்பாகம் மேடும் பள்ளமுமாக இருப்பதால் அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அதனால் உள்ளே ஒரு கைப்பிடி கூழாங்கற்களைப் போட்டு, நேரான பகுதி தொடங்கும் வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் அழியாத மையால் ஒரு கோடு போடுங்கள். அதுதான் உங்கள் சுழியம். கோட்டிலிருந்து மேல்நோக்கி ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை ஒட்டிவிட்டால் மானி தயார். கூழாங்கற்கள் பாட்டிலைக் காற்றில் சாயாமலும் பிடித்துக்கொள்ளும். மழையில்லாத நாட்களில் சுழிய மட்டத்து நீர் குறையும் என்பதால், கோடுவரை நிரப்பி வைப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

பாட்டில் அகலமா குறுகலா என்ற கவலை வேண்டாம். வாயும் உடலும் ஒரே அகலமாக இருக்கும்வரை, எவ்வளவு உயரம் நீர் நிற்கிறதோ அவ்வளவு மழை. ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒவ்வொரு சதுர மீட்டர் பரப்பிலும் ஒரு லிட்டர் நீர் விழுந்திருக்கிறது என்று பொருள். ஆயிரம் சதுர அடி மாடியில் பத்து மில்லிமீட்டர் பெய்தால் ஏறத்தாழ 930 லிட்டர் நீர் குழாய் வழியே இறங்கியிருக்கும். இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தவருக்கு "சின்னத் தூறல்தானே" என்ற சொல் எளிதில் வாயில் வராது. தூறலைக்கூட நுட்பமாக அளக்க விரும்புகிறவர்கள், வாயின் விட்டம் 11.3 சென்டிமீட்டர் உள்ள புனலை ஒரு பாட்டிலில் செருகி வைத்து, சேர்ந்த நீரை மருந்து அளக்கும் குப்பியில் ஊற்றிப் பார்க்கலாம். அந்த வாயின் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர் என்பதால் பத்து மில்லி நீர் ஒரு மில்லிமீட்டர் மழைக்குச் சமம்.

வைக்கும் இடத்தில்தான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன. அருகிலுள்ள சுவரோ மரமோ தொட்டியோ மானியின் வாய்க்கு மேல் எவ்வளவு உயரம் எழுகிறதோ, அதைப்போல் இரண்டு மடங்கு தொலைவுக்காவது தள்ளி வைக்க வேண்டும். நான் முதல் ஆண்டில் வசதியைப் பார்த்து மாடியின் தண்ணீர்த் தொட்டிக்குத் தென்மேற்கே வைத்திருந்தேன். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் இங்கே மழை வடகிழக்கிலிருந்து சாய்வாக அடிக்கும் என்பது தெரிந்திருந்தும், தொட்டி அதை மறைக்கும் என்று எண்ணிப் பார்க்கவில்லை. ஒரு நாள் இரவு முழுவதும் கொட்டித் தீர்த்த மழைக்குப் பிறகு, திறந்த வெளியில் மறந்து வைத்த நேரான வாளியில் நாலு விரற்கடை நீர் நின்றது. என் மானியிலோ அதில் பாதிகூட இல்லை. அந்த ஆண்டின் பக்கங்கள் அனைத்திலும் ஓரத்தில் "ஐயம்" என்று பென்சிலால் எழுதி வைத்தேன். அவற்றை அழிக்கவில்லை. தவறான அளவையும் ஏன் தவறு என்ற குறிப்போடு வைத்திருப்பதே நல்லது.

அடுத்தது நேரம். காலை 8.30 மணிக்கு அளக்க வேண்டும்; முந்தைய நாள் காலை 8.30 முதல் பெய்தது முழுவதும் அளக்கும் நாளின் தேதியில் எழுதப்படும். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வழக்கம் இதுதான். உலகெங்கும் வானிலை நோக்கர்கள் ஒரே நேரத்தில் அளவெடுக்க வேண்டும் என்பதற்காக வகுத்த நேரங்களில் ஒன்றான உலகப் பொது நேரம் 3 மணி, நமக்கு 8.30 ஆகிறது. இந்த வழக்கத்தை அறியாவிட்டால் செய்தித்தாளில் வரும் அளவுகள் குழப்பும். 2015 டிசம்பர் 1ஆம் தேதி பகலிலும் இரவிலும் சென்னையை மூழ்கடித்த மழை, பதிவேட்டில் டிசம்பர் 2ஆம் தேதி மழையாகத்தான் இருக்கிறது. அன்று தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும் நுங்கம்பாக்கத்தில் 29 சென்டிமீட்டரும் பதிவாயின. புறநகர் ரயிலில் போய்வரும் தொலைவுக்குள் இருபது சென்டிமீட்டர் வேறுபாடு இருக்குமென்றால், உங்கள் தெருவுக்கு என்று ஒரு மானி இருப்பதன் பயன் சொல்லாமலே விளங்கும்.

நீர்மட்டத்தைப் படிக்கும்போது குனிந்து, கண்ணை நீரின் மட்டத்துக்குக் கொண்டுவந்து, ஓரங்களில் மேலேறி நிற்கும் விளிம்பை விட்டு நடுவிலுள்ள தாழ்ந்த வளைவைப் பாருங்கள். புனலில் வேப்பிலையோ பூவோ அடைத்திருந்தால் எடுத்துவிட்டு, அதையும் எழுதுங்கள். அளந்து முடித்ததும் சுழியக் கோட்டுக்கு மேலுள்ள நீரைக் கொட்டிவிட வேண்டும்; மழை ஓய்ந்த நாட்களில் அடியில் நிற்கும் நீரையும் வாரம் ஒருமுறை மாற்றாவிட்டால் கொசுப் புழு வைக்கும். தரை நனைந்தும் மானியில் அளக்க முடியாத அளவே இருந்தால் "தூறல்" என்று எழுதலாம். மழையே இல்லாவிட்டால் 0.0 என்று தவறாமல் எழுத வேண்டும். வெற்றுப் பக்கத்தைப் பார்க்கிறவருக்கு அன்று மழை இல்லையா, எழுதியவர் ஊரில் இல்லையா என்பது தெரியாது.

எண்ணுக்குப் பெயர் கொடுக்க வானிலைத் துறையின் அளவுகோலைப் பின்பற்றலாம். 2.5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பெய்தால்தான் அது மழைநாள். 64.5 முதல் 115.5 வரை கனமழை, 204.4 வரை மிகக் கனமழை, அதற்கு மேல் அதி கனமழை. ஆனால் நம் முன்னோர் வைத்திருந்த அளவுகளையும் பக்கத்தில் எழுதிப் பழகுங்கள். கரிசல் நாட்டில் "ஓர் உழவு மழை" என்றால் ஏர் பூட்டி உழும் அளவுக்கு மண் நனைந்திருக்கிறது என்று பொருள். வானத்திலிருந்து எவ்வளவு விழுந்தது என்பதைவிட மண் எவ்வளவு குடித்தது என்பதே உழவருக்கு வேண்டிய அளவு. பஞ்சாங்கம் இன்றும் ஆண்டு மழையை மரக்கால் கணக்கில் சொல்கிறது. பண்டகசாலையில் ஒரு முழ அகல வாயுள்ள பாத்திரத்தை மழை அளக்க வைக்க வேண்டும் என்று அர்த்தசாஸ்திரமும் கூறுகிறது. தானியக் கிடங்கில் மழைமானி இருந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கிறது. மழையும் நெல்லும் ஒரே கணக்கு என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும்.

காற்றின் திசைக்கு நம்மிடம் நான்கு நல்ல சொற்கள் இருக்கின்றன: கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து கோடை, தெற்கிலிருந்து தென்றல், வடக்கிலிருந்து வாடை. கொடியில் காயும் துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்தே இதை எழுதிவிடலாம். சென்னையில் வாழ்கிறவர்கள் சித்திரை, வைகாசியில் கடற்காற்று எத்தனை மணிக்கு வந்தது என்பதையும் குறியுங்கள். அது பகல் பன்னிரண்டுக்கு வந்த நாளுக்கும் மூன்றுக்கு வந்த நாளுக்கும் வெப்பத்தில் உள்ள வேறுபாடு, ஒரு மாதக் குறிப்பைப் புரட்டினாலே கண்ணில் படும்.

பழமொழிகளைச் சோதித்துப் பார்க்கவும் இந்தக் குறிப்பேடு உதவும். எங்கள் வீட்டில் அடிக்கடி சொல்வது, "கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை" என்பது. பக்கத்தின் தலையில் ஆங்கிலத் தேதியோடு தமிழ்த் தேதியையும் எழுதுகிறவர்களுக்கு இதன் வரம்பு தெரிந்துவிடும். வர்தா புயல் சென்னையைக் கடந்த 2016 டிசம்பர் 12 கார்த்திகைக்கு உட்பட்டது. பழமொழி அங்கே பிழைத்துக்கொள்கிறது. ஆனால் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை, 2023ஆம் ஆண்டு மார்கழி முதல் நாள் பெய்தது. தனுஷ்கோடியை அழித்த 1964 டிசம்பர் புயலும் மார்கழியில்தான் வந்தது. பெரும்பாலான ஆண்டுகளுக்குப் பொருந்துவதைப் பழமொழி சொல்கிறது. பொருந்தாத ஆண்டு எது என்பதைச் சொல்ல எழுதி வைத்த கணக்கு வேண்டும். மார்கழிக் கடைசியில் வரும் கர்ப்போட்ட நாட்களையும் இப்படியே பார்க்கலாம். சூரியன் பூராட நட்சத்திரத்தில் இருக்கும் அந்நாட்களில் மேகம் கருக்கொள்கிறது என்றும், 195ஆம் நாளில் அந்தக் கரு மழையாகப் பொழியும் என்றும் ஒரு பழைய நம்பிக்கை உண்டு. அந்நாட்களின் மேகத்தையும் மூட்டத்தையும் குறித்து வைத்து, 195 நாள் கழித்து அந்தப் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். நான் இதுவரை பார்த்ததில் பொருந்தியவை சில, பொருந்தாதவை பல. சில ஆண்டுக் கணக்கை வைத்து முடிவு சொல்ல மாட்டேன்.

வரலாற்றுத் துணுக்குகளுக்கு ஒரு விதி வைத்திருக்கிறேன்: அன்றைய தேதியோடோ அன்றைய வானத்தோடோ தொடர்பில்லாததை எழுதுவதில்லை. செப்டம்பர் 22 வந்தால், 1914இல் அந்த இரவில் எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டதும், அதன்பின் "அவன் சரியான எம்டன்" என்ற பேச்சு நம் ஊரில் தங்கிவிட்டதும் அந்தப் பக்கத்துக்கு உரியவை. சூரியன் உச்சிக்கு வந்தும் கடிகாரம் பன்னிரண்டைத் தாண்டியிருப்பதைக் கவனித்த நாளில், இந்திய நேரம் 1906இல் நடைமுறைக்கு வரும்வரை சென்னைக்கென்று ஏறத்தாழ ஒன்பது நிமிடம் பின்தங்கிய சொந்த நேரம் இருந்ததை எழுதலாம்.

அன்றாடக் குறிப்பு எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு நுங்கம்பாக்கத்தைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. 1792இல் அங்கே கிழக்கிந்தியக் கம்பெனி அமைத்த வானாய்வு நிலையத்தின் கருங்கல் தூண், இன்றைய வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. நிலையத்தின் பொறுப்பில் இருந்த ஜான் கோல்டிங்காம் 1796 முதல் வானிலையைப் பதிவு செய்துவந்தார். புனித ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் காலையும் மாலையும் பீரங்கி வெடிப்பது அக்கால வழக்கம். அந்த ஒளி கண்ணில் பட்டதற்கும் ஓசை காதில் விழுந்ததற்கும் இடைப்பட்ட நொடிகளை 1820, 1821ஆம் ஆண்டுகளில் அவர் எண்ணி எழுதினார். கூடவே அந்த நேரத்து வெப்பத்தையும் ஈரத்தையும் காற்றையும் குறித்தார். ஒலியின் வேகம் கணக்காகக் கிடைத்ததோடு, வெப்பமான மாதங்களில் ஓசை விரைந்து வருகிறது என்பதும் அந்த வரிசைகளிலிருந்து தெரிந்தது. ஊரே தினமும் கேட்டுக் கடந்துபோன ஓசை அது.

பெரியவர்களின் நினைவைக் குறிப்பேட்டில் சேர்க்கும்போது, ஆண்டைக் கேட்காதீர்கள். அப்போது வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று கேளுங்கள். எங்கள் தெருவில் ஒரு பாட்டி, தன் வாழ்நாளில் கண்ட பெரிய மழையைப் பற்றிச் சொல்லும்போது ஆண்டு நினைவில்லை என்றார். "ரெண்டாவது பையன் கைக்குழந்தைப்பா. கட்டில் மேல கட்டிலப் போட்டு உக்காந்திருந்தோம்," என்பது மட்டும் தெளிவாக வந்தது. மகனின் பிறப்புச் சான்றிதழில் 1976 அக்டோபர் என்று இருந்தது. நுங்கம்பாக்கத்தில் 45 சென்டிமீட்டர் பதிவான நாள் 1976 நவம்பர் 25. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதினேன். அவர் சொன்னதற்கு "கேட்டது" என்றும், அளவுக்குப் "பதிவு" என்றும் ஓரத்தில் குறியிட்டேன். இந்த இரண்டு சொற்களோடு நானே பார்த்தவற்றுக்குக் "கண்டது" என்பதையும் சேர்த்து மூன்று குறிகளைக் கலக்காமல் பயன்படுத்துவது, பிற்பாடு படிக்கிறவருக்குப் பேருதவி.

என் பக்கம் ஒன்று எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு மாதிரி: "ஐப்பசி 9. காலை 8.30. மழை 38 மி.மீ. இரவு இரண்டு மணிக்குத் தொடங்கி விடியும்வரை, இடி இல்லை. காற்று வாடை. தெருவிளக்கைச் சுற்றி முந்தின மாலை ஈசல் (கண்டது). பால்காரர் முழங்கால் ஈரத்தோடு வந்து, ஏரிக்கரைப் பக்கம் இதைவிட அதிகம் என்றார் (கேட்டது). முருங்கைக் கிளை ஒன்று முறிந்து மதிலில் கிடக்கிறது. உள்ளறைச் சுவரில் சென்ற ஆண்டு இருந்த அதே இடத்தில் ஈரம்." இதற்கு மேல் நீட்ட வேண்டியதில்லை.

ஏட்டின் கடைசிப் பக்கங்களை மாதக் கூட்டுத்தொகைக்கு ஒதுக்கிவிடுங்கள். தமிழ்நாட்டுக் கரையோரத்தில் ஆண்டு மழையின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில் கிடைப்பதால், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான கூட்டுத்தொகையைத் தனிக் கட்டத்தில் எழுத வேண்டும். கோயம்புத்தூர், தென்காசிப் பக்கத்தில் வாழ்கிறவர்கள் ஜூன் முதல் செப்டம்பர் வரைக்கும் இன்னொரு கட்டம் போடலாம். புது மானியைப் புரட்டாசிக்குள் மாடியில் வைத்து, இரண்டு வாரம் அளந்து கையைப் பழக்கிக்கொண்டால், ஐப்பசி முதல் நாளிலிருந்து உங்கள் கணக்கு நிற்கும்.