பின்னலாடை அலுவலகத்தில் வாரத்தின் நேரத்தைக் காப்பது

திருப்பூரில் பல பின்னலாடை நிறுவனங்களுக்குச் சனிக்கிழமையே சம்பள நாள் என்பதால், கணக்குச் சரிபார்ப்பும் முன்பணக் கோரிக்கைகளும் அன்றைய பொழுதை எடுத்துக்கொள்கின்றன. எனவே, ஒரு மெர்ச்சண்டைசர் (ஓர் ஆர்டரைத் தொடக்கம் முதல் அனுப்பும்வரை கவனிப்பவர்) திட்டமிடுவதற்கு உண்மையில் 5 நாள்களே கிடைக்கின்றன.

முதலில் ஒரு வாரம் முழுவதும், அரை மணி நேரத்துக்கு ஒருமுறை, செய்த வேலையை ஒரு நோட்டில் ஒரே வரியில் எழுதுங்கள். மாலையில் நினைவிலிருந்து எழுதினால் பயனில்லை. சிறு இடையூறுகள்தாம் முதலில் மறந்துபோகும்.

அந்த நோட்டில் பெரும்பாலும் நிறைந்திருப்பவை "துணி வந்துவிட்டதா?" என்னும் அழைப்புகளே. நிட்டிங், சாயம், காம்பேக்டிங் (துணி பின்னர் சுருங்காதபடி பதப்படுத்துவது) என, கூலிக்கு வேலை செய்துதரும் வெவ்வேறு ஜாப் ஒர்க் கூடங்களைக் கடந்தே துணி வருவதால் விசாரிக்காமல் இருக்க முடியாது. ஆனால் காலை 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும் மட்டும் நிலவரம் அனுப்பும்படி கேட்டு, அதை ஒரே தாளில் குறித்துக் கட்டிங் மாஸ்டரின் மேசையருகே ஒட்டிவிட்டால், ஒரே கேள்வியை நான்கு பேர் தனித்தனியாகக் கேட்பது நின்றுவிடும்.

ஜெர்மனியில் காலை 9 மணி என்பது, அந்நாட்டுக் கோடையில் நமக்குப் பகல் 12.30, குளிர்காலத்தில் 1.30. ஆகவே, அங்கிருந்து ஆர்டர் தரும் பையர்களின் மின்னஞ்சல் வரத் தொடங்கும் முன்பே, காஸ்டிங் (ஆடையின் அடக்கவிலைக் கணக்கு) போன்ற கவனம் வேண்டும் வேலைகளை முடித்துவிடுங்கள். இந்த ஒரு மாற்றத்தையே நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாகக் கருதுகிறேன்.

லேபிள், பட்டன், நூல் ஏஜெண்டுகளை "வாங்க" என்று வரவேற்காமல் திருப்பி அனுப்புவது கொங்கு நாட்டு வழக்கமன்று. அவர்களுக்குப் புதன்கிழமை மாலையை ஒதுக்கி, அதை முன்கூட்டியே மரியாதையுடன் தெரிவித்துவிடுங்கள்.