வெளியாளுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்? செவன்ஸ் நடத்தும் ஊர்ப் பொருளாளருக்கு

நோட்டீஸ் அடிக்கக் கொடுப்பதற்கு முன்பே பொருளாளர் யார் என்று முடிவு செய்துவிடுங்கள். தலைவர், விழாக்குழு, வாழ்த்துரை என்று நோட்டீஸில் இடம் பிடிக்கப் பத்துப் பேர் வருவார்கள். கணக்கு எழுத ஒருவரும் வரமாட்டார். தூத்தூர்ப் பக்கம் எங்கள் கிளப் நடத்தும், அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்துக்கு அந்த வேலை என் தலையில் விழுந்தது. கூட்டுறவு வங்கியில் கேஷியராக இருந்து ஓய்வு பெற்றவன், அது ஒன்றுதான் காரணம்.

நான் இந்த வேலையைக் கற்றது பாதி இங்கே, பாதி ஆஸ்திரேலியாவில். மகள் சிட்னியில் நர்ஸ், வீடு பரமட்டா பக்கம். மருமகன் அந்த ஊர் ரக்பி லீக் டீமான ஈல்ஸ் என்றால் சோறு தண்ணி மறப்பார். பேரப்பிள்ளையைப் பார்க்கப் போன நான் அவரோடு உட்கார்ந்து ஆட்டம் பார்த்தேன். ஆட்டத்தைவிட அவர் சொன்ன ஊழல் கதைகள்தான் எனக்குப் பிடித்துப்போயின. கேஷியர் புத்தி.

அங்கே ஒரு கிளப் தன் வீரர்களுக்கு வருடத்துக்கு மொத்தம் இவ்வளவுதான் கொடுக்கலாம் என்று வரம்பு உண்டு. சாலரி கேப் என்பார்கள். 1990-ல் கொண்டுவந்தார்கள். பணமுள்ள கிளப் நல்ல ஆட்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போகக் கூடாது, பணமில்லாத கிளப் போட்டிக்குக் கடன் வாங்கி முழுகக் கூடாது. ஐபிஎல் ஏலத்தில் ஒவ்வொரு அணிக்கும் தொகை கட்டிவைப்பது போலத்தான். நம் ஊரிலும் இதே வியாதி இருக்கிறது. வெளிநாட்டில் ஆளுள்ள டீம் மலப்புறத்திலிருந்து மூன்று பேரை இறக்கும், பக்கத்து ஊர்ப் பையன்கள் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டில் நீட்டுவார்கள்.

எனவே முதல் வேலை, வரம்பு வைப்பது. எங்கள் விதி இது: ஒரு டீமுக்கு வெளியாள் இரண்டு பேர், இருவருக்கும் சேர்த்து ஓர் ஆட்டத்துக்கு 6,000 ரூபாய். தொகை எவ்வளவு என்பதை உங்கள் ஊர் பார்த்து வையுங்கள். எதெல்லாம் அந்தத் தொகைக்குள் வரும் என்பதை எழுதுவதில்தான் விஷயம் இருக்கிறது. பஸ் கூலி, ரூம் வாடகை, சாப்பாடு, பூட்ஸ், கோல் அடித்தால் கையில் திணிக்கும் ஐந்நூறு, துபாயிலிருந்து ஒருவர் நேராக ஆட்டக்காரனின் போனுக்கு அனுப்பும் பணம் எல்லாம் உள்ளே வரும். கடைசியில் சொன்னதுதான் பெரிய ஓட்டை. ஆஸ்திரேலியாவில் வெளி நிறுவனங்கள் வீரனோடு தனியாக ஒப்பந்தம் போட அனுமதி உண்டு. ஆனால் போட்டியை நடத்தும் லீகிடம் பதிவு செய்ய வேண்டும், கிளப் அதற்கு உத்தரவாதம் கொடுக்கக் கூடாது. ‘அந்தக் கம்பெனி தராவிட்டால் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று கிளப் சொன்னால், அது கிளப் கொடுக்கும் சம்பளமேதான்.

இரண்டாவது, தாள். ஒவ்வொரு வெளியாளுக்கும் ஒரு பக்கப் படிவம். பெயர், தொகை, யார் கொடுக்கிறார், எப்போது. ஆட்டக்காரன், டீம் மேனேஜர், ஸ்பான்சர் மூன்று பேரும் கையெழுத்துப் போட வேண்டும். கீழே ஒரு வரி: ‘இந்தத் தாளில் உள்ளதைத் தவிர வேறு தாளோ வாய்வாக்கோ கிடையாது.’ இதைப் பார்த்து எங்கள் கமிட்டியில் சிரித்தார்கள். நான் அங்கே இன்னொரு ரக்பி லீக் கிளப்பான மெல்போர்ன் ஸ்டார்ம் கதையைச் சொன்னேன். அந்த கிளப் லீகிடம் காட்டியது ஒரு கணக்கு, வீரர்களுக்கு எழுதிக்கொடுத்த கடிதங்கள் வேறு. 2010 ஏப்ரலில் குட்டு உடைந்தது. ஐந்தாண்டில் 17 லட்சம் டாலர் கூடுதலாகக் கொடுத்ததாக முதலில் சொன்னார்கள். தோண்டத் தோண்ட அது 30 லட்சத்தைத் தாண்டியது. 2007, 2009 கோப்பைகள் பறிபோயின, 2006 முதல் 2008 வரை லீகில் முதலிடம் பிடித்த மூன்று பட்டங்களும் போயின. 16,89,000 டாலர் அபராதம். அதோடு அந்த வருடம் முழுக்க எத்தனை ஆட்டம் ஜெயித்தாலும் புள்ளி பூஜ்யம்தான். அப்படியே ஆடி முடித்தார்கள்.

இரட்டைக் கணக்கை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பீர்கள். நேராகக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் இரண்டாவது தாளில் இருப்பதை வாங்க ஆட்டக்காரன் யாரிடமாவது வந்துதான் ஆக வேண்டும். ஃபைனல் முடிந்த இரவு ஷெட்டுக்குப் பின்னால் யார் யாரோடு நிற்கிறார்கள் என்று பாருங்கள். எங்கள் போட்டியில் வெளியாட்களின் சம்பளம் முழுதும் மேடைப் பக்கத்து மேசையில், என் கையால், ஜிபேயில்தான் போகும். ரொக்கம் கேட்டால் ரசீதில் கையெழுத்து.

அடுத்து பில். மருமகனுக்குத் தொண்டை அடைக்கும் இடம் இது. 2016-ல் ஈல்ஸ் மாட்டியது போலி பில்லிலும் ஊதிப் பெருக்கிய பில்லிலும். சப்ளை செய்பவர் கூட்டி எழுதுவார், கிளப் கட்டும், மிச்சம் சுற்றி வீரனிடம் போய்ச் சேரும். 12 புள்ளிகள் வெட்டு, 10 லட்சம் டாலர் அபராதம், அந்த வருடம் ஜெயித்த, ஒன்பது பேர் ஆடும் ஆக்லாந்து நைன்ஸ் கோப்பையும் போயிற்று. நம் ஊரில் இது ஜெர்சி பில்லாக வரும். ஒரு வருடம் எங்களுக்கு வந்த பில்லில் ஜெர்சி ஒன்றுக்கு எழுதியிருந்த விலையை மார்த்தாண்டத்தில் இரண்டு கடையில் விசாரித்தேன், பாதிதான் சொன்னார்கள். ஃப்ளக்ஸ், பந்தல், மைக் செட், ஜெனரேட்டர் டீசல் எல்லாவற்றுக்கும் இரண்டு கடை விலை கேட்டு பில்லின் பின்பக்கத்தில் குறித்துவையுங்கள். டீசலில்தான் அதிகம் ஊதுவார்கள், எரிந்துபோனதை அளக்க முடியாதே.

இப்போது வள்ளத்துக்குப் போகும் பையன்கள். ஆழ்கடல் போட்டுக்காரர்கள் எங்கள் ஆட்டம் நடக்கும் கிறிஸ்துமஸ் சமயத்தில் ஊரில் இருப்பார்கள், பிரச்சினை இல்லை. தினம் கரை திரும்பும் வள்ளத்துக்காரனுக்கு ஆட்டத்துக்கு வந்தால் அன்றைய பங்கு போச்சு. ‘ஊர்க்காரனுக்குக் காசு கிடையாது’ என்று வீம்பாக விதி வைத்தால் அவனுக்கு யாராவது மறைவாகக் கொடுப்பார்கள். மறைவாகக் கொடுக்கப் பழகிய கை அதோடு நிற்காது. ரக்பி லீக் பிறந்ததே இந்தச் சண்டையில்தான். 1895-ல் வடக்கு இங்கிலாந்தில் சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்த ஆட்டக்காரர்களுக்கு, ஆட்டத்துக்காக இழந்த கூலியைக் கொடுக்கலாமா என்று தகராறு. கூடாது என்று ரக்பியை நடத்திய சங்கம் பிடிவாதம் பிடித்தது. ஹடர்ஸ்ஃபீல்டில் ஒரு ஹோட்டலில் கூடிய கிளப்புகள் பிரிந்து போய்விட்டன. நாங்கள் செய்வது இது: அன்று அதே வள்ளத்தில் போனவர்களுக்கு என்ன பங்கு விழுந்ததோ, அதை வள்ளக்காரரிடம் கேட்டு அப்படியே கொடுக்கிறோம், ரசீதோடு. மீன் படாத நாளில் ஒன்றுமில்லை. பையன்கள் ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

பெட் விஷயம் தனி. யார் ஜெயிப்பார் என்று டீக்கடையில் நூறு ரூபாய் கட்டுவதை உங்களால் நிறுத்த முடியாது, அதைப் பற்றி எனக்குப் பெரிய கவலையும் இல்லை. சின்ன விஷயத்தில் விழும் பெரிய பணத்தைப் பாருங்கள். முதல் கார்னர் யாருக்கு, முதல் மஞ்சள் அட்டை யாருக்கு என்று போன் குரூப்பில் ஓடுகிறதே, அதில் ஒரு ஆளை விலைக்கு வாங்கினால் போதும். 2010 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் மைதானத்தில் புல்டாக்ஸ் என்ற ரக்பி லீக் கிளப்பின் வீரர் ரயன் டேண்டி, ஆட்டம் தொடங்கிய சூட்டிலேயே தன் கோல்கம்பத்துக்கு நேர் எதிரே எதிரணிக்கு பெனால்டி கொடுத்தார். முதல் புள்ளி எதிரணியான கவ்பாய்ஸின் பெனால்டி கோலில் வரும் என்று அன்று வழக்கத்துக்கு மாறாகப் பணம் குவிந்திருந்தது. ஆனால் கவ்பாய்ஸ் கோலுக்கு உதைக்கவே இல்லை, சட்டென்று தட்டி ஆடி, பந்தைக் கோட்டுக்கு அப்பால் தரையில் வைக்கும் ‘ட்ரை’ போட்டுவிட்டார்கள். பெட் கட்டியவர்களுக்கு நாமம். டேண்டிக்குக் கோர்ட்டில் தண்டனை, லீகில் ஆயுள் தடை.

அங்கே பந்தயக் கம்பெனிகளின் கம்ப்யூட்டர் காட்டிக்கொடுத்தது. இங்கே டீக்கடைதான் கம்ப்யூட்டர். திடீரென்று எல்லோரும் ஒரே கிறுக்குத்தனமான விஷயத்தைப் பேசினால் கவனியுங்கள். ரெஃப்ரி யார் என்பதை ஆட்டத்துக்கு அரை மணி நேரம் முன்புதான் சொல்லுங்கள். ஆட்டக்காரர்களின் போன்களை ஒரு பையில் போட்டு மேசையில் வையுங்கள். கமிட்டியில் இருப்பவரோ மேனேஜரோ பெட் கட்டினால் வெளியே, பேச்சே இல்லை. ஐபிஎல்லில் சென்னை அணி 2015-ல் இரண்டு வருடம் தடைபட்டதும் அணியின் பெரிய இடத்து ஆள் பெட் கட்டிய வினைதான். ஆன்லைன் சூதாட்டம் என்றால் தமிழ்நாட்டில் 2022 சட்டமே இருக்கிறது. யாராவது மைதானத்தில் லிங்க் பரப்பினால் நீங்கள் பஞ்சாயத்துப் பேசாதீர்கள், போலீஸில் சொல்லுங்கள்.

தண்டனையை நோட்டீஸிலேயே அச்சடித்துவிடுங்கள். மாட்டிய பிறகு கூடிப் பேசினால் சொந்தக்காரன், ஒரே பங்குக் கோயில் என்று இழுக்கும். எதைத் தண்டிப்பது என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. 2002-ல் புல்டாக்ஸ் தொடர்ந்து 17 ஆட்டம் ஜெயித்து முதலிடத்தில் இருந்தது. சாலரி கேப் மீறல் வெளியே வந்ததும் 37 புள்ளிகளை வெட்டினார்கள், கடைசி இடத்துக்குப் போய்விட்டது. வேர்வை சிந்தியவர்கள் ஆட்டக்காரர்கள், தாள் எழுதியவர்கள் ஆபீஸ்காரர்கள். ஏழு பேர் ஆடும் நம் செவன்ஸில் முதலில் மேனேஜருக்கு மூன்று வருடத் தடை, ஸ்பான்சர் பெயர் ஃப்ளக்ஸிலிருந்து நீக்கம், பரிசுப் பணம் திரும்ப. தெரிந்தே இரண்டாவது தாளில் கையெழுத்துப் போட்ட ஆட்டக்காரனுக்கு அடுத்த வருடம் இடமில்லை. தெரியாதவனைத் தொட வேண்டாம்.

பரிசளிப்பு முடிந்த ஏழாம் நாள் வரவு செலவை நூலகப் பலகையில் ஒட்டுங்கள். வெளியாட்களின் தொகை பெயரோடு இருக்கட்டும். பில் கட்டை அடுத்த ஊர் கிளப்பின் பொருளாளரிடம் தணிக்கைக்குக் கொடுங்கள், அவர்களுடையதை நீங்கள் வாங்கிப் பாருங்கள். போட்டி டீம் என்பதால் ஒரு ரூபாய் விடாமல் பார்ப்பார்கள்.