பினாங்கு வீட்டு வாசலில் திராட்சைப் பந்தல்: கவாத்து முதல் சாறு வரை

புக்கிட் மெர்தாஜாமில் எங்களுடையது வரிசை வீடு. கார் நிற்கும் இடத்தின் ஓரமாக இரண்டடி அகலத்தில் ஒரு மண்பட்டை. முன்பு அதில் கறிவேப்பிலையும் செம்பருத்தியும் நின்றன. இப்போது ஒற்றைத் திராட்சைக் கொடி அங்கிருந்து ஏறி வாசலை மூடியிருக்கிறது. வருகிறவர்கள் குலைகளைப் பார்த்ததும் கேட்பது ஒன்றுதான்: "ஒயின் எப்போது?"

ஒயின் கிடையாது. மலேசியாவில் மது தயாரிக்க 1976ஆம் ஆண்டின் கலால் சட்டப்படி உரிமம் வேண்டும். ஆசை எனக்கும் இருந்தது, ஆனால் சம்சு என்னும் மலிவுச் சாராயம் செய்த சேதங்களைப் பார்த்து வளர்ந்த சமூகத்தில் பிறந்தவன் நான். உரிமமில்லாத மதுவை வேடிக்கையாக எடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. அதனால் ஒயின் செய்பவர்கள் செய்வதையெல்லாம் செய்து, நொதிப்பதற்கு முன்னால் நின்றுவிடுகிறேன். இது என் கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பல் மருத்துவராக இருந்த தாமஸ் வெல்ச், தேவாலயத் திருவிருந்துக்கு மதுவல்லாத திராட்சைச் சாறு வேண்டுமென்று 1869இல் செய்ததும் இதுதான்: பிழிந்து, பாட்டிலில் அடைத்து, சூடாக்கி, நொதிக்கவைக்கும் ஈஸ்டைக் கொன்றுவிடுவது.

இடமும் கன்றும்

திராட்சைக்கு ஒரு நாளில் ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். அது இல்லாத வாசலில் கொடி செழிக்கும், காய்க்காது. மண் இருந்தால் இரண்டடிக் குழி போதும். மண் இல்லையென்றால் குறைந்தது 60 லிட்டர் கொள்ளும் தொட்டி. நம் பகுதி மண்ணில் புளிப்பு அதிகம் என்பதால், நடுவதற்கு இரண்டு வாரம் முன்பே டோலமைட் சுண்ணாம்பு இரண்டு கைப்பிடியும் மக்கிய எருவும் கலந்து வையுங்கள். தொட்டிக்கு அடியில் தட்டு வேண்டாம். நின்ற நீரில் ஏடிஸ் கொசு முட்டையிட்டால் சுகாதார அதிகாரி வந்து எழுதிக் கொடுக்கும் அபராதத்துக்கு ஒரு லோரி திராட்சை வாங்கலாம் என்று என் மனைவி சொல்வாள். சற்று மிகைதான், ஆனாலும் தட்டு வேண்டாம்.

வகைப்பெயர் தெரிந்த கன்றையே வாங்குங்கள். பன்னீர் திராட்சை என்று தமிழ்நாட்டில் சொல்லும் மஸ்கட் ஹம்பர்க் வெப்பமண்டலத்துக்குப் பழகியது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பாலித் தீவில் ஒயினுக்கே பயிராகும் அல்போன்ஸ் லவாலே இன்னொன்று. பழக்கடையில் விற்கும் விதையில்லாப் பச்சைத் திராட்சை வகைகளோடு தொடக்கக்காரர் மல்லுக்கட்ட வேண்டாம்.

தெரிந்தவர் வீட்டில் கொடி இருந்தால் செலவே இல்லை. பழுப்பேறி முற்றிய, பென்சில் பருமனுள்ள கிளையில் நான்கு கணு இருக்குமாறு வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நிழலில் ஊன்றுங்கள். ஒரு மாதத்தில் வேர் பிடிக்கும்.

பந்தலும் கூரையும்

ஒற்றைத் தண்டை ஏழடி உயரம் வரை பக்கக்கிளை இல்லாமல் ஏற்றி, பந்தல் கம்பியைத் தொட்டதும் நுனியைக் கிள்ளுங்கள். இரு புறமும் இரண்டு கைகள் பிரியும். காய்க்கும் கிளைகள் எல்லாம் அந்தக் கைகளிலிருந்துதான் வர வேண்டும்.

பந்தலுக்கு மேலே இரண்டடி இடைவெளி விட்டு ஒளி புகும் பாலிகார்பனேட் தகடு போடுங்கள். இந்தச் செலவைத் தள்ளிப்போடாதீர்கள். அடிச்சாம்பல் நோயின் கிருமி இலைக்குள் நுழைய ஈரம் வேண்டும். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் ஊரில் மருந்து தெளிப்பதைவிட, இலையை நனையாமல் காப்பதே மலிவு. பக்கவாட்டைத் திறந்தே விடுங்கள், காற்று ஓடட்டும்.

தீபாவளிக் கவாத்து

பிரான்சிலோ இத்தாலியிலோ குளிர்காலம் வந்தால் கொடி இலையுதிர்த்துத் தூங்கும், வசந்தத்தில் விழித்துப் பூக்கும். நிலநடுக்கோட்டிலிருந்து ஐந்து பாகை தள்ளியிருக்கும் பினாங்கில் அதற்குத் தூக்கமே வராது. விட்டால் ஆண்டு முழுக்க இலையாகவே வளர்ந்துகொண்டிருக்கும். தூங்கவைப்பதும் எழுப்புவதும் நம் கத்தரிக்கோலின் வேலை. கிளைகளை இப்படி வெட்டுவதுதான் கவாத்து. வெட்டும் நாள்தான் பூக்கும் நாளையும் பறிக்கும் நாளையும் முடிவு செய்கிறது.

இதை அறியாமல் முதல் முறை நான் ஜூன் மாதத்தில் வெட்டினேன். அப்போது கூரையும் இல்லை. பழம் நிறம் மாறும் நேரத்தில் செப்டம்பர் மழை பிடித்துக்கொண்டது. பிஞ்சும் பழமுமாக ஒரு வாளி நிறைய அழுகலை அள்ளிக் கொட்டினேன்.

பினாங்கில் மழை குறைவது டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. பன்னீர் திராட்சை கவாத்திலிருந்து அறுவடைக்கு ஏறக்குறைய 120 நாள் எடுக்கும். ஆகவே நவம்பர் நடுவில், தீபாவளிப் பலகாரம் தீர்ந்த கையோடு வெட்டுகிறேன். கிறிஸ்துமஸ் வாக்கில் பூ, பொங்கலுக்குப் பட்டாணி அளவு காய், தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய்த் திரும்பும் நாட்களில் நிறமேற்றம், மார்ச் நடுவில் அறுவடை. நாட்காட்டியில் குறித்து வைக்கத் தேவையே இல்லை.

வெட்டும் முறை இது. ஒரு வாரம் முன்பே நீரை நிறுத்துங்கள். பழுப்பேறி முற்றிய கிளை ஒவ்வொன்றிலும் நான்கு அல்லது ஐந்து கணு விட்டு மீதியை வெட்டுங்கள். பச்சைக் கிளைகளை அடியோடு எடுத்துவிடுங்கள், அவற்றில் குலை வராது. எஞ்சிய இலைகளையும் ஒன்றுவிடாமல் உருவுங்கள். பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி இதைப் பார்த்துவிட்டு, செடியைக் கொன்றுவிட்டேன் என்று என் மனைவியிடம் துக்கம் விசாரித்தார். கிளைகளை வளைத்துக் கட்டிவைத்தால் நுனிக் கணு மட்டும் முந்தாமல் எல்லாக் கணுவும் ஒருசேர முளைக்கும். பண்ணைகளில் இதற்கென்று ஒரு ரசாயனம் பூசுவார்கள்; நச்சுத்தன்மை உள்ளது, வீட்டுப் பக்கமே வரக்கூடாது. பிறகு எரு இட்டு நன்றாக நீர் விடுங்கள். இரண்டு வாரத்தில் துளிர் வெடிக்கும்.

மொட்டைக் கிளைகள்மேல் ஒரு முறை, நோய் தடுக்கும் போர்டோ கலவை தெளிக்கலாம். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 10 கிராம் அரை லிட்டர் நீரிலும், சுண்ணாம்பு 10 கிராம் இன்னோர் அரை லிட்டரிலும் பிளாஸ்டிக் வாளிகளில் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பு நீரில் ஊற்றிக் கலக்குங்கள். இரும்புக் கத்தியை நனைத்தால் செம்பு படியக்கூடாது; படிந்தால் இன்னும் சிறிது சுண்ணாம்பு. அன்றே தெளித்துத் தீர்த்துவிட வேண்டும். காய்கள் நிறமேறத் தொடங்கிய பிறகு தெளிக்கவே வேண்டாம்.

ஒரு துளிருக்கு ஒரு குலை போதும். மொத்தம் 20 குலைக்கு மேல் நான் விடுவதில்லை. கிள்ளி எறியும்போது வயிறு எரியும். எறியாவிட்டால் எல்லாமே புளிக்கும். காய் மென்மையாகத் தொடங்கியதும் வலை கட்டுங்கள், மைனாக்கள் நம்மைவிடச் சரியாக நாள் கணக்கு வைத்திருக்கின்றன.

அறுவடைக்குப் பிறகு ஒரு மாதம் ஓய்வு. ஏப்ரலில் இரண்டு கணு மட்டும் விட்டு இன்னொரு கவாத்து. அதில் வரும் குலைகளைக் கிள்ளிவிட்டுக் கிளைகளை முற்ற விடுங்கள். அடுத்த தீபாவளிக்குக் காய்க்கப் போவது அவைதான்.

பறிப்பும் பிழிதலும்

திராட்சை பறித்த பிறகு பழுக்காது. நிறத்தை நம்பாதீர்கள், நம் ஊர் இரவு வெப்பத்தில் கருநீலம் முழுமையாக ஏறுவதில்லை, சிவப்பாக இருக்கும்போதே இனித்துவிடும். குலையின் அடிநுனியில் உள்ள பழத்தைத் தின்று பாருங்கள், கடைசியாக இனிப்பது அதுதான். இனிப்புமானி இருந்தால் 18 பிரிக்ஸ் காட்டிய பின் வெட்டலாம்.

20 குலையில் எனக்கு நான்கைந்து கிலோ கிடைக்கிறது. காம்பு நீக்கிக் கழுவி, அகலப் பாத்திரத்தில் கையால் நசுக்குங்கள். மிக்ஸி வேண்டாம், விதை உடைந்தால் கசக்கும். மெல்லிய தீயில் 65 பாகை செல்சியஸ் வரை சூடாக்கிக் கால் மணி நேரம் வைத்தால் தோலின் நிறமும் மணமும் இறங்கும். மல் துணியில் கொட்டித் தொங்கவிடுங்கள். அவசரப்பட்டு முறுக்கிப் பிழிந்தால் சாறு கலங்கும்.

வடித்த சாற்றை ஓர் இரவும் ஒரு பகலும் குளிர்ப்பெட்டியில் அசைக்காமல் வையுங்கள். அடியில் மண்டியோடு கண்ணாடித்தூள் போன்ற படிகங்கள் தங்கும். பயப்பட வேண்டாம், அது திராட்சையின் சொந்த டார்டாரிக் அமிலத்திலிருந்து வரும் உப்பு. தெளிந்ததை மட்டும் மெதுவாக வேறு பாத்திரத்தில் இறுத்து, மீண்டும் வடிகட்டி, கொதிநிலைக்குக் கொண்டுவந்து, கொதிநீரில் இட்டெடுத்த சூடான கண்ணாடி ஜாடிகளில் கால் அங்குலம் இடம் விட்டு நிரப்புங்கள். புதிய மூடியால் மூடி, கொதிக்கும் நீரில் ஜாடி முழுகும்படி ஐந்து நிமிடம் வைத்து எடுங்கள். கிலோவுக்கு அரை லிட்டருக்குச் சற்று மேல் தேறும்.

இந்தக் கடைசிச் சூட்டைச் சோம்பலில் ஒரு முறை விட்டேன். திராட்சைத் தோலிலேயே ஈஸ்ட் இருக்கிறது, சமையலறைக் காற்றிலும் இருக்கிறது. எட்டாம் நாள் நள்ளிரவில் அலமாரிக்குள் ஒரு பாட்டில் வெடித்தது. அரிசி மூட்டையெல்லாம் ஊதா.

மூடி உள்வாங்கியிருக்கும் ஜாடி இருட்டு அலமாரியில் பல மாதம் நிற்கும். மூடி உப்பியிருந்தால் சுவை பார்க்காமல் கொட்டிவிடுங்கள். திறந்ததைக் குளிர்ப்பெட்டியில் வைத்து ஒரு வாரத்துக்குள் குடியுங்கள். பாலிக் புலாவ் ஜாதிக்காய்ச் சாற்றில் பாதிக்குப் பாதி கலந்து, பனிக்கட்டி போட்டுக் குடிப்பது எங்கள் வீட்டு வழக்கம்.