பெட்டி பார்த்த கண்ணோடு ஊர் பார்ப்பது

இலங்கை மலைநாட்டுப் பண்டாரவளையில் இருபது வருடம் தேனீப் பெட்டி பார்த்தவன் நான். இப்போது ஊர் சுற்றி எழுதுகிறேன். பழக்கம் மாறவில்லை. பெட்டியை உடனே திறக்க மாட்டேன். வாசலில் நின்று, காலில் என்ன நிற மகரந்தத்தோடு ஈக்கள் திரும்புகின்றன என்று பார்ப்பேன். புது ஊரிலும் அப்படித்தான்: கடை வாசலில் ஒரு பிளேன்டீ, அரை மணி நேரம், வாயை மூடிக்கொண்டு.

பதுளை போகும் ரயிலில் பட்டிப்பொல நிலையம் வரும்போது கடல் மட்டத்திலிருந்து 6,200 அடி ஏறியிருப்பீர்கள். படம் அப்புறம் எடுக்கலாம். முதலில் மூக்கால் குறிப்பெடுங்கள்.

எல்ல என்ற ஊரின் ஒன்பது வளைவு ரயில் பாலத்தை எல்லாரும் எழுதியாயிற்று. பக்கத்தில் சோளம் விற்கிற அக்காவிடம் பேசுங்கள்.

குறிப்பை அன்றிரவே எழுதிவிடுங்கள். நான் மறுநாளைக்கு விட்டு, தெமோதரையில் பார்த்ததை ஹாலிஎலயில் வைத்துவிட்டேன். வீட்டில் இன்னும் சிரிக்கிறார்கள்.