பழனிக்கு முதல் பாதயாத்திரை: ஒரு நாளை நடந்து முடிப்பது எப்படி

முதல் வருஷம் நான் பழனிக்குப் போய்ச் சேரவில்லை. மூன்றாம் நாள் பகல் ஒரு மணிக்கு, நத்தத்தில், இரண்டு குதிகாலிலும் கொப்புளத்தோடு ஊருக்குப் பஸ் ஏறிவிட்டேன். சாயங்காலம் வீட்டில் காலை நீட்டிப் படுத்திருந்தபோது அத்தை போன் செய்தார். அவருக்கு அப்போதே அறுபது தாண்டியிருந்தது. "நாங்க அஞ்சு மணிக்குக் கிளம்பி எட்டுக் கிலோமீட்டர் வந்துட்டோம், நீ எங்கடா இருக்கே?" என்றார். என்னைவிட மோசமான கால் அவருக்கு.

அதற்குப் பிறகு ஐந்து முறை போய்ச் சேர்ந்திருக்கிறேன். முதல் தடவை போகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் "மொத்தம் எத்தனை கிலோமீட்டர்?" என்பதுதான். குன்றக்குடியிலிருந்து ஏறத்தாழ 150. அந்தக் கணக்கை உடனே மறந்துவிடுங்கள். பாதயாத்திரையில் நடக்க வேண்டியது ஒரு நாள்தான், அதையே ஆறு முறை நடக்கிறோம். அந்த ஒரு நாளில் மனசும் காலும் எந்த மணிக்கு ஏறும், எந்த மணிக்கு இறங்கும் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

நான் சொல்வது காரைக்குடிப் பக்கத்திலிருந்து தைப்பூசத்துக்குப் போகும் வழி: குன்றக்குடி, திருப்பத்தூர், சிங்கம்புணரி, கொட்டாம்பட்டி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், பழனி. நகரத்தார் காவடிகள் தலைமுறை தலைமுறையாகப் போகும் வழியும் ஏறக்குறைய இதுதான். வேறு ஊரிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு ஊர்ப்பெயர் மாறும், வெயில் மாறாது.

படி 1: ஒரு மாதம் முன்பே பாதத்தைப் பழக்குங்கள்

மாலை போட்ட நாளிலிருந்து செருப்பைக் கழற்றிவிடுகிறோம். ஆனால் வீட்டு மொசைக் தரையில் நடப்பது பயிற்சி ஆகாது. தினம் அரை மணி நேரமாவது தார் ரோட்டில் வெறுங்காலோடு நடங்கள். முதல் வாரம் காலை நேரம் போதும். பிறகு ஒன்பது, பத்து மணிக்கு மாற்றுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் 10, 15, 20 கிலோமீட்டர் என்று கூட்டிக்கொண்டே போங்கள். கடைசி வாரம் சும்மா இருங்கள்.

குதிகால் வெடிப்பு இருந்தால் இப்போதே கவனியுங்கள். ராத்திரி கால் கழுவித் துடைத்து எண்ணெய் தடவிப் படுத்தால் மூன்று வாரத்தில் நல்ல வித்தியாசம் தெரியும். வெடிப்போடு கிளம்பினால் இரண்டாம் நாளே அதற்குள் மணல் புகுந்துவிடும். சர்க்கரை வியாதி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் வெறுங்காலோடு கிளம்பாதீர்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் கல் குத்தியதே தெரியாது. செருப்புப் போட்டு நடந்தவர்களை முருகன் திருப்பி அனுப்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

படி 2: பையை எடை போடுங்கள்

குழுவோடு போனால் பாத்திரம், பாய், மாற்றுத்துணி எல்லாம் வேனில் வந்துவிடும். தோளில் இருக்க வேண்டியது மிகக் கொஞ்சம்: ஒரு லிட்டர் தண்ணீர், துண்டு, டார்ச், ஓஆர்எஸ் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு, சர்க்கரைப் பொடி) பாக்கெட் நான்கு, பஞ்சு, ஊசி, ஆயின்மென்ட், சின்ன டப்பாவில் தேங்காய் எண்ணெய், சில்லறைக் காசு. பையின் முதுகுப் பக்கம் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். ஆண்கள் வேட்டிக்குள் தொடை வரை வரும் இறுக்கமான டிராயர் போடுங்கள். பாதம் பொறுத்துக்கொண்டாலும் தொடை உரசல் பொறுக்காது. பெண்கள் சேலையைவிடச் சுடிதாரில் வருவது எளிது, அத்தையே நான்கு வருஷமாக மாறிவிட்டார்.

படி 3: மூன்று மணிக்கு எழுந்திருங்கள்

நாளின் முதல் இறக்கம் இதுதான். தை மாதப் பனி, பள்ளிக்கூட வராண்டா, உடம்பு முழுக்க இறுக்கம். எழுந்து நின்றதும் உள்ளங்கால் ஊசி குத்தும். 'நேற்று நடந்த கால் இதுதானா' என்று இருக்கும். பயப்படாதீர்கள். முதல் அரை மணி நேரம் கிழவன் போல நடங்கள், யாரோடும் போட்டி வேண்டாம். சூடு ஏறியதும் வலி தானாகப் பின்வாங்கும்.

எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி ரோட்டின் வலது ஓரமாகவே நடக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் லாரி வருவது பாட்டுச் சத்தத்தில் கேட்காது. காதில் எதையும் மாட்டாதீர்கள்.

ஒரு நல்ல செய்தி உண்டு. பூசம் பௌர்ணமியை ஒட்டி வரும். அதனால் முதல் ஓரிரு நாள் இந்த நேரத்துக்கு நிலா மறைந்திருக்கும், டார்ச் இல்லாமல் முடியாது. நாளாக ஆக நிலா தாமதமாக இறங்கும். நாம் நடப்பது மேற்கே பார்த்து. திண்டுக்கல் தாண்டினால் விடியற்காலையில் நிலா நேர் எதிரே, ரோட்டு முனையில் நிற்கும்.

படி 4: ஏழு மணிச் சந்தோஷத்தை நம்பாதீர்கள்

ஆறரைக்குச் சூரியன் முதுகில் ஏறும். கால் பழகிவிட்டது, காற்று குளிர்ச்சி, வழியெல்லாம் "அரோகரா". இரண்டு பக்கமும் பந்தல் போட்டுக் கூப்பிடுவார்கள். ஒன்றில் சுக்குக் காபி, அடுத்ததில் வெண்பொங்கல், நூறடி தள்ளிக் கேசரி. வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. கொடுக்கிறவர் வருஷம் முழுக்கக் காசு சேர்த்துப் போட்ட பந்தல் அது.

இங்கேதான் புதியவர்கள் இரண்டு தப்புச் செய்கிறார்கள். மூன்று பந்தலிலும் சாப்பிடுகிறார்கள், பிறகு உற்சாகத்தில் வேகம் கூட்டுகிறார்கள். இரண்டுக்கும் கூலி பதினோரு மணிக்குக் கிடைக்கும். ஒரு பந்தலில் அரை வயிறு சாப்பிடுங்கள். மற்ற இடங்களில் ஒரு வாய் மோர் வாங்கிக் கும்பிட்டு நகருங்கள். அன்றைய தூரத்தில் பாதிக்கு மேல் பத்து மணிக்குள் முடிந்திருக்க வேண்டும், ஆனால் ஒரே சீரான நடையில். ஒரு மணி நேரம் நடந்தால் ஐந்து நிமிஷம் உட்காரலாம். பத்து நிமிஷம் உட்கார்ந்தால் கால் இறுகிவிடும், எழுந்திருப்பதே தனி யாத்திரை.

படி 5: பதினொன்று முதல் நான்கு வரை எந்த முடிவும் எடுக்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு படியை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

பத்தரைக்குத் தார் சுட ஆரம்பிக்கும். கொஞ்ச தூரம் ஓரத்து மண்ணில் இறங்கிப் பார்ப்பீர்கள், அங்கே கருவேல முள்ளும் ஜல்லியும் இருக்கும். மறுபடி ரோட்டுக்கு வருவீர்கள். அப்போதுதான் பழைய ஆட்கள் எல்லாரும் ஏன் ஒரே வரிசையில் போகிறார்கள் என்று புரியும். ரோட்டோரம் போட்டிருக்கும் வெள்ளைக் கோட்டின் மேல் நடக்கிறார்கள். கறுப்புத் தாரைவிட வெள்ளைப் பெயின்ட் நன்றாகவே சூடு குறைவு. நாலு விரற்கடை அகலத்தில் ஒரு குளிர்ச்சி.

மேற்கே நடப்பதால் மத்தியானத்துக்கு மேல் வெயில் முகத்துக்கு வந்துவிடும். தை மாதத்தில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும், அதனால் இடது கன்னம்தான் அதிகம் வாங்கும். துண்டை அந்தப் பக்கம் தொங்கவிடுங்கள். கண் கூசும், தலை வலிக்கும், சாப்பிட்டது நெஞ்சில் நிற்கும், பக்கத்தில் வருகிறவர் பேச்சு எரிச்சலூட்டும். அப்போது மனசு ஒரு கணக்குப் போடும்: இன்னும் நூறு கிலோமீட்டர், இந்தக் காலோடு நடக்கவே முடியாது, அடுத்த பஸ் ஸ்டாப்பில் ஏறிவிடலாம். கணக்கு சரியாகத்தான் இருக்கும். அதைப் போட்ட நேரம்தான் தப்பு.

நான் பஸ் ஏறியது இந்த நேரத்தில்தான். அடுத்த வருஷம் அதே நத்தம், அதே ஒரு மணி, காலும் அதே நிலைமை. "அத்தை, நான் கிளம்பறேன்" என்றேன். அவர் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. "போ, யாரு வேணாங்கறா. நாலரைக்குப் போ. இப்பப் படு." புளியமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்தேன். நாலரைக்கு எழுந்தபோது வலி இருந்தது, பஸ் ஞாபகம் இல்லை.

ஆகவே பதினொன்றரைக்கு எங்கே நிழல் இருக்கிறதோ அங்கே நில்லுங்கள். மண்டபம், மாந்தோப்பு, பள்ளிக்கூடம், எதுவானாலும் சரி. ஓஆர்எஸ் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். தயிர்சாதம் அளவாகப் போதும். காலைப் பையின் மேல் தூக்கி வைத்துத் தூங்குங்கள். தூக்கம் வராவிட்டாலும் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். தலைசுற்றல், வாந்தி, வியர்வையே வராமல் உடம்பு கொதிப்பது, பேச்சுக் குழறல் இருந்தால் மட்டும் மாலைவரை காத்திருக்கக் கூடாது. உடனே நனைந்த துணியால் உடம்பைக் குளிரவைத்து, வேனைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

படி 6: சாயங்காலம் நடையைச் சுருக்குங்கள்

நாலரைக்கு மேல் இரண்டாவது ஏற்றம் வரும். வெயில் தணிந்து, யாராவது காவடிச் சிந்து எடுத்துவிட்டால் கால் தானே போகும். எட்டு மணிக்குள் தங்குமிடம் சேர்ந்துவிடுங்கள். பாட்டு நன்றாக இருக்கிறதே என்று பத்து மணி வரை நடந்தால், மறுநாள் மூன்று மணி உங்களைச் சும்மா விடாது.

படி 7: தூங்குமுன் காலுக்கு அரை மணி நேரம்

முதலில் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்கெல்லாம் ஈரம் போகத் துடைக்க வேண்டும். டார்ச் அடித்து உள்ளங்காலைப் பாருங்கள். தனக்குத்தானே பார்க்க முடியாது, பக்கத்து ஆளிடம் காட்டுங்கள். பாதயாத்திரையில் கூச்சம் முதல் நாளே போய்விடும்.

சின்னக் கொப்புளத்தைத் தொடாதீர்கள். மிதிக்கவே முடியாத பெரியதாக இருந்தால், சுத்தப்படுத்திய ஊசியால் ஓரத்தில் ஒரு துளை போட்டு நீரை மெல்ல அழுத்தி வெளியேற்றுங்கள். மேல்தோலைப் பிய்க்கக் கூடாது, அதுதான் இயற்கை கொடுத்த பிளாஸ்திரி. ஆயின்மென்ட் தடவிக் காலை வரை மூடி வையுங்கள். ஊசியில் நூல் கோத்துக் கொப்புளத்துக்குள் விட்டுவைக்கும் பழக்கம் நிறையக் குழுக்களில் உண்டு. எனக்கு உடன்பாடில்லை, அந்த நூல் வழியாக அழுக்கும் உள்ளே போகும்.

கெண்டைக்கால் ராத்திரி இழுத்துப் பிடித்தால், முட்டியை நீட்டி, கால் விரல்களை உங்களைப் பார்த்து மடக்கி, வலி விடும்வரை பிடியுங்கள். தலைமாட்டில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஒருவர் குறட்டை விடுவார். அதற்கு மருந்து நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

படி 8: மூன்றாம் நாளுக்குத் தனியாகத் தயாராகுங்கள்

முதல் நாள் ஊரே வழியனுப்பிய ஜோரில் ஓடிவிடும். இரண்டாம் நாள் வலி புதுசு. மூன்றாம் நாள்தான் புதுசும் இல்லை, ஊரும் நெருங்கவில்லை. நத்தத்திலிருந்து திண்டுக்கல் சுமார் 35 கிலோமீட்டர். இடது பக்கம் சிறுமலை கூடவே வரும், எவ்வளவு நடந்தாலும் அதே இடத்தில் நிற்பதுபோல் தெரியும். இந்தப் பகுதியில் மலையைப் பார்க்காதீர்கள். கோபால்பட்டி, சாணார்பட்டி என்று அடுத்த ஊரை மட்டும் எண்ணுங்கள். குழுவில் சண்டை வருவதும் இந்த நாளில்தான், பெரும்பாலும் சாம்பார் பற்றியோ குளிக்கும் வரிசை பற்றியோ இருக்கும். அதையும் நாலரைக்குத் தள்ளிவையுங்கள்.

நான்காம் நாள் காலையில் என்னவென்று தெரியாமல் உடம்பு ஒத்துக்கொண்டுவிடும். தோல் தடித்திருக்கும், நடையும் ஒரு தாளத்துக்கு வந்திருக்கும்.

படி 9: கடைசி 60 கிலோமீட்டர்

திண்டுக்கல்லுக்குப் பிறகு நீங்கள் தனியாக இல்லை. பல ஊர் வழிகள் இங்கே வந்து சேரும். நடப்பவர்களுக்கென்று ரோட்டோரம் தனிப் பாதை போட்டிருக்கிறார்கள், கிடைக்கும் இடத்தில் அதிலேயே நடங்கள். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி லாரிகள் அதிகம், ராத்திரியில் கவனம். விருப்பாச்சி மேடு தாண்டும்போது பக்கத்து மலையின் வாழைப்பழம் கிடைத்தால் வாங்குங்கள். பஞ்சாமிர்தத்தில் சேர்வது அந்த மலைவாழைதான்.

சத்திரப்பட்டிக்கு அப்பால் இருட்டில் பழனி மலையின் விளக்கு வரிசை கண்ணில் படும். எல்லாரும் கத்துவார்கள், சிலர் அழுவார்கள், நானும்தான். ஆனால் தெரிந்துவிட்டதே என்று ஓடாதீர்கள். இன்னும் சில மணி நேர நடை பாக்கி. நான் பார்த்த சுளுக்குகளில் பாதி இந்த இடத்தில்தான்.

படி 10: மலை ஏற ஒரு ராத்திரி கழியட்டும்

சண்முக நதியில் குளித்து, அடிவாரத்தில் திருஆவினன்குடி கோயிலில் கும்பிட்டுவிட்டு, முடிந்தால் அன்று தூங்கிவிடுங்கள். பூசத்தன்று போய்ச் சேர்ந்தால் வரிசையிலேயே பல மணி நேரம் போகும். இரண்டு நாள் முன்னதாகவே சேரும்படி கிளம்புவது புதியவர்களுக்கு நல்லது. 2023 அக்டோபரிலிருந்து மலைக்கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது, அடிவாரத்திலேயே கொடுத்துவிட்டுப் போங்கள். ஏறுவதற்குப் படிப்பாதையைவிட யானைப்பாதை சரிவு குறைவு, புண்பட்ட காலுக்கு அதுவே ஏற்றது. இறங்கும்போது முட்டி கெஞ்சினால் கம்பியில் இழுக்கும் விஞ்ச் வண்டியில் வாருங்கள், வேண்டுதல் ஏறுவதோடு முடிந்தது.

வீடு திரும்பி ஒரு வாரத்தில் உள்ளங்காலில் தடித்த தோல் தட்டுத் தட்டாகக் கிளம்பும். டிவி பார்த்துக்கொண்டே கை அங்கே போகும். உரிக்காதீர்கள். அடியில் இருப்பது பச்சைத் தோல், இழுத்தால் ரத்தம் வரும். எண்ணெய் தடவிவிட்டு, தானாக விழட்டும் என்று விடுங்கள்.