மரத்தடியில் வல்லாரைப் பாய்

கொய்யா மரத்தடியில் புல்லும் பிடிக்காமல், மழைக்கு மண் கரைந்து ஓடுகிறதா? அங்கே வல்லாரையை விடுங்கள். நம் மண்ணின் செடி; ஈரமும் அரை நிழலும் இருந்தால் போதும். விதை தேடி அலைய வேண்டாம். ஓடும் தண்டை மெல்லத் தூக்கிப் பாருங்கள், கணுவுக்குக் கணு வெள்ளை நூலாக வேர் இறங்கியிருக்கும். வேரோடு ஒரு கணுவை நறுக்கி, அரை அடிக்கு ஒன்றாக நடுங்கள். இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் என்றால் மே மாதம் மழை தொடங்கும்போதே நட்டுவிடுவது நல்லது. முதல் ஒன்றிரண்டு மாதம் களையைக் கையால் பிடுங்குங்கள், அப்புறம் அதுவே பாய் விரித்துவிடும். சம்பலுக்கு வேரை அசைக்காமல் இலையைக் காம்போடு கிள்ளுங்கள். ஆனால், தேயிலை மலைக்கு நேர் கீழே உள்ள தோட்டத்துக்கு, தேயிலைக்கு அடித்த மருந்து கலந்த தண்ணீர் இறங்கி வரும். அந்த இலையைத் தயவுசெய்து சாப்பிடாதீர்கள், தரைக்கு மட்டும் இருக்கட்டும்.