பீட்டா செல் எவ்வளவு மிச்சம்? ரத்தத்தில் பார்ப்பது எப்படி

டைப் 1 சர்க்கரை நோயில், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் எவ்வளவு மிஞ்சியிருக்கின்றன என்று அறிய எச்பிஏ1சி-யை நம்பாதீர்கள். அது கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டுமே தவிர, அதை அடக்கியது உங்கள் கணையமா ஊசியா என்று சொல்லாது.

ரத்தச் சோதனையில் கேட்க வேண்டியது சி-பெப்டைட் என்ற புரதத் துணுக்கின் அளவு. கணையம் இன்சுலின் சுரக்கும்போதெல்லாம் அதே அளவில் இதுவும் வெளியே வரும், ஊசி இன்சுலினில் இது கிடையாது, ஆகவே ஊசி போட்டுக்கொண்டிருந்தாலும் ரத்தத்தில் தெரிவது முழுக்க உங்கள் சொந்த உற்பத்திதான்.

எடுக்கும் நேரம் ரொம்ப முக்கியம். வெறும் வயிற்றைவிட, சாப்பிட்டு ஒன்றரை அல்லது இரண்டு மணி நேரம் கழித்து எடுத்தால் மிச்சமிருக்கும் திறன் தெளிவாகத் தெரியும். கூடவே குளுக்கோஸையும் பார்க்கச் சொல்லுங்கள், அது டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் கணையம் இயல்பாகவே அடங்கியிருக்கும், சி-பெப்டைடும் குறைவாகக் காட்டும், நீங்கள் வீணாகப் பயந்துபோவீர்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கோ எண் கூடுதலாகக் காட்டும்.

லிட்டருக்கு 0.2 நானோமோலுக்குக் கீழே என்றால் சுரப்பு பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. அதற்கு மேலே கொஞ்சம் மிஞ்சியிருந்தாலும் நல்லதுதான், தாழ்சர்க்கரை ஆபத்து குறைகிறது. அதற்காக இன்சுலினை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்!

அப்புறம், காட் (GAD) போன்ற, உடல் தன் செல்களையே தாக்குவதைக் காட்டும் ஆன்டிபாடி சோதனைகள் நோயைக் கண்டறிய உதவும், இழப்பை அளக்க உதவாது. அதைத் திரும்பத் திரும்ப எடுப்பதற்குப் பதில் சி-பெப்டைடையே அதே லேபில், அதே முறையில், மருத்துவர் சொல்லும் இடைவெளியில் எடுத்து எண்களை வரிசையாக எழுதி வையுங்கள்.